கப்பலேறிய சுவடி

நெடுமரத்துப் பாளையத்தின் கோட்டையைக் கும்பினிப் பட்டாளம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. அதற்குப் பிறகும் சாத்தப்பக் கவிராயர் அந்தப் பாளையத்தின் கதையைப் பனையோலையில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். சண்டையில் செத்தவன், தூக்கில் தொங்கியவன், காட்டிக்கொடுத்தவன் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. யாருக்கும் பயப்படுகிற மனுஷன் இல்லை அவர்.

அவருக்கு ஒரே சீடன், இருளப்பன். குருவைவிட வயதில் மூத்தவன். அவன் தம்பி பேச்சிமுத்துவைக் கும்பினியின் வெள்ளைக்காரத் துரை ஒருவன் புளியமரத்தில் தூக்கிலிட்டிருந்தான். தம்பி பேரை ஏட்டில் தானே வாசிக்க வேண்டும் என்றுதான் அந்த வயதில் எழுத்துக் கற்க வந்தான்.

ஒருநாள் காலையில் அதே துரை கவிராயர் வீட்டுக்கே வந்துவிட்டான். கூடவே, அவன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி முதலியார்.

"சுவடியைத் துரை சீமைக்கு அனுப்பப் போறார். அங்கே மாளிகையில பத்திரமா இருக்கும்," என்றார் முதலியார். "ஆனா தூக்குல போட்ட சேதி மட்டும் அதுல இருக்கக் கூடாது. இருந்தா மொத்தமும் நெருப்புக்குத்தான்."

கவிராயர் சுவடிக்கட்டை எடுத்து வந்தார். கட்டை அவிழ்த்து, அந்த ஏடுகளை உருவி, அவரே நீட்டினார். துரை அடுப்பில் போட்டான். காய்ந்த ஓலைதானே, குப்பென்று பற்றிக்கொண்டது. பேச்சிமுத்துவின் பேரும் அதோடு போயிற்று.

இருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு சங்கதி," என்றார் கவிராயர். "ஏட்டுக்கு ஏடு எண் போட்டிருக்கேன். நடுவில எண் விட்டுப்போனா, எதை மறைச்சீருன்னு சீமையில துரையைக் கேப்பாங்க. வெறும் ஏட்டுல எண்ணை மட்டும் போட்டுச் சேர்த்துத் தரட்டுமா?"

துரைக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. கெட்டிக்காரர் என்று கவிராயர் முதுகில் தட்டி, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். இருளப்பன் குருவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மனசு கேட்காமல் திரும்பி வந்தான். அதற்குள் துரையும் வந்திருந்தான். முதலியார் ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெறும் ஏடு வந்ததும் அவர் கட்டைவிரல் நின்றது. மெல்லத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். நிமிர்ந்து கவிராயரைப் பார்த்தார். கவிராயரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்ன?" என்றான் துரை.

முதலியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஒண்ணுமில்லை. வெறும் ஏடு," என்று சொல்லிக் கட்டை இறுக்கிக் கட்டினார்.

குதிரைகள் கண்ணுக்கு மறைந்ததும் இருளப்பன் வெடித்தான்.

"சீ! நீரெல்லாம் ஒரு குருவா? உசிருக்குப் பயந்து என் தம்பியை ரெண்டாந்தரம் கொன்னுட்டீரே!"

"ஆத்திரப்படாதேயும் அண்ணாச்சி. ஓலையில எழுதுறது எழுத்தாணியா, மையா?"

"இது ஒரு கேள்வியா? எழுத்தாணிதான் கீறுது. கீறினது கண்ணுக்குத் தெரியணுமேன்னு அதுமேல மையைத் தடவுறோம்."

"நேத்து பொழுது சாயிற வரைக்கும் கீறினேன். மைதான் தடவலை."

இருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எரிஞ்சது எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். உம்ம தம்பி பேரு, அந்தப் புளியமரம், கயிறு போடச் சொன்ன துரை பேரு. அவன் ஏட்டை எரிச்ச கதையையும் சேர்த்தே கீறிட்டேன்."

"ஐயோ, முதலியார் கண்டுபிடிச்சுட்டாரே!"

"கண்டுபிடிச்சுத்தான் கட்டினார்."

இருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இருந்தாலும் ஐயா, என் தம்பி பேரைப் பகையாளி வீட்டிலயா கொண்டு வைக்கணும்? எனக்கு மனசு ஆறலையே."

"இங்க வச்சா கரையான் அரிக்கும். மழை நனைக்கும். பட்டாளத்தான் வந்தா கூரையோட கொளுத்துவான்," என்றார் கவிராயர். "உம்ம தம்பியைக் கொன்னவன் இருக்கானே, அவனே பெட்டி செஞ்சு, பூட்டுப் போட்டு, காவலுக்கு ஆளும் நிறுத்தி அந்தப் பேரைக் காப்பாத்தட்டும்."