ராஜாவின் பல்லும் சாயக்காரச் சந்தும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். நான் ஒன்று சொல்வேன், பக்கத்தூர்க்காரர் வேறொன்று சொல்வார், வீண் சண்டை வரும். அவர் பெயர் பூபாலகீர்த்தி. தங்கமான மனிதர்தான். ஆனால் பசி வந்துவிட்டால் பக்கத்தில் நிற்க முடியாது.

அவருடைய சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். சாயங்காலம் ஆனால் கால் போன போக்கில் ஊரைச் சுற்றுவான். பொழுது விடிந்ததும் ராஜாவிடம் தெருத் தெருவாக ஒப்பிப்பான். குயவர் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது, வண்டிப்பேட்டையில் பிரசவம் பார்க்க ஆளில்லை, கன்னார் தெருவில் ஒரு சேவல் சண்டையைத் தவிர எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டே போவான். ராஜாவும் கேட்டுக்கேட்டு, எந்தத் தெருவுக்கு எது வேண்டுமோ அதைச் செய்துகொடுப்பார்.

தலைமை அமைச்சர் அனந்தசேகரருக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல். பட்டுத் தலைப்பாகை கட்டிய தாம் இருக்க, பல்லை இளிக்கிறவன் சொன்ன தெருவுக்கு மருத்துவச்சி போகிறாளே என்று பொருமிக்கொண்டிருந்தார். சமயம் ஒருநாள் தானாக வந்தது. அன்று குப்பாண்டி சொன்ன கதை நீண்டு, ராஜாவின் நெய்ப்பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது.

அமைச்சர் உடனே எழுந்தார். "அரசே! வேந்தர் என்பவர் ஊரை முழுமையாகக் காண வேண்டியவர். சந்து பொந்துகளின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பது தங்கள் பெருமைக்குத் தகுமா? ஊரின் நிலையை ஒரே சொல்லில் உரைத்தால் போதாதா?"

பசியில் இருந்த ராஜாவுக்கு அது தேவவாக்காகப் பட்டது. "நன்று சொன்னீர்! ஊரானாலும் சரி, உடம்பானாலும் சரி, இனி இச்சபையில் எதன் நிலையையும் ஒரே சொல்லில்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது சொல் சொல்பவருக்கு இங்கே இடமில்லை!"

மறுநாள் காலை ஊரின் நிலை என்ன என்று ராஜா கேட்டார். "நலம்" என்றார் அமைச்சர். "தெரு" என்றான் குப்பாண்டி.

"எந்தத் தெரு?"

குப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டாவது சொல் ஆயிற்றே! ராஜா ஆறாத பொங்கலைச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கோடை வருமுன் ஊருக்கு ஒரு கிணறு வெட்டலாம் என்று ராஜா முடிவு செய்தார். ஒன்றுக்குத்தான் ஆள்பலம் இருந்தது. எங்கே வெட்டுவது என்று அமைச்சரிடம் கேட்டார். கேட்டது யோசனை, நிலை அல்ல என்பதால் அமைச்சர் தாராளமாகவே பேசினார்.

"எங்கே வெட்டினாலும் ஊருக்குள்தானே, அரசே! என் தெருவில் தரை சமமாக இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, அரண்மனைக்கும் அருகில். வேலைக்கு வசதி" என்றார் அமைச்சர். ராஜா தலையசைத்தார். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறித்தாயிற்று.

செய்தி கேட்டு, சாயக்காரச் சந்திலிருந்து முத்துவீராயி என்பவள் குப்பாண்டியின் வீட்டுக்கு ஓடிவந்தாள். நூலுக்குச் சாயம் போடுகிறவள், முழங்கை வரை நீலம்.

"ஐயா, எங்க கெணத்துல சாயத்தண்ணி ஊறிப்போச்சு. எறைச்சா நீலமா வருது. அதத்தான் குடிக்கிறோம். புள்ளைங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு கெடக்குதுங்க. கெணறு வெட்டப் போறாங்கன்னு தண்டோரா கேட்டதும் கும்மி அடிச்சோம். இப்போ மந்திரி தெருவுலயாம்! அங்க ஊட்டுக்கு ஊடு கெணறு கெடக்கே!"

"தெரியும் தாயே. வாயைத் திறந்தால் என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். அப்புறம் உங்கள் சந்தைப் பற்றிச் சொல்ல ஒரு நாதி இருக்காது" என்றான் குப்பாண்டி. சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் அன்று சோறு உண்ணவில்லை.

வியாழக்கிழமை காலை ராஜா ஒரு பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்தார். அதை யார் பிடித்தார்களோ, கோட்டைச் சுவருக்கு வைத்திருக்கலாம். 'நறுக்' என்றது. ராஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சபையே அதிர அலறினார். அரண்மனை வைத்தியர் மருதவாணர் பெட்டியோடு ஓடிவந்தார்.

"மன்னா, என்ன செய்கிறது?" என்று வைத்தியர் கேட்டதும் குப்பாண்டி குறுக்கே வந்து கைகூப்பினான். "பொறுங்கள்! உடம்பின் நிலையையும் ஒரே சொல்லில்தான் சொல்ல வேண்டும் என்பது அரச ஆணை. மன்னரே அதை மீறலாமா?"

ராஜா முறைத்தார். ஆனாலும் தம் வாயால் சொன்ன ஆணை. "வலி!" என்றார்.

"கேட்டீர்களா வைத்தியரே? வலி. எங்கே என்பதெல்லாம் சந்து பொந்துச் சமாசாரம். வேந்தரின் உடம்பை முழுமையாகக் கண்டு வைத்தியம் செய்யுங்கள்."

மருதவாணர் பயந்த சுபாவம். ஆணை என்றால் ஆணை. ராஜாவின் கட்டைவிரலுக்கு எண்ணெய் தடவினார், வயிற்றில் பற்றுப் போட்டார், முழங்காலை நீவினார். ராஜாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பல்!" என்று கத்தினார்.

"ஆக, ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும்" என்றான் குப்பாண்டி. "எங்கே பிடுங்கினாலும் வாய்க்குள்தானே! முன்பல்லைப் பிடியுங்கள் வைத்தியரே. கைக்கு எட்டுகிறது, வெளிச்சம் விழுகிறது. வேலைக்கு வசதி."

வைத்தியர் குறடை எடுத்து ராஜாவின் அழகான முன்பல்லைப் பிடித்தார். ராஜா அவர் கையைத் தட்டிவிட்டுச் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"அடேய் பாவி! கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்! மற்றவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றைத் தொடாதே!"

குப்பாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மேற்கு வாசல், வலது பக்கம், சாயக்காரச் சந்து, மன்னா! மற்றவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றைத் தோண்ட வேண்டாம். அங்கே பிள்ளைகள் நீலத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்."

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அரசே, ஊர் முழுவதும் நலமாக இருக்கையில், ஒரேயொரு சந்துக்காக..."

"ஒரேயொரு பல்லுக்காகத்தான் நான் இப்படிக் கத்திக்கொண்டிருக்கிறேன், அனந்தசேகரரே!" என்றார் ராஜா. "மிச்சப் பல்லெல்லாம் நலமாக இருந்து எனக்கென்ன ஆகப்போகிறது?"

வெள்ளிக்கிழமை ராஜா சாயக்காரச் சந்துக்குத் தாமே வந்தார். குறடுக்குப் பயந்து பல்லைப் பிடுங்க விடாமல், கிராம்புத் தைலத்தை வைத்துக் கன்னத்தில் துணி கட்டியிருந்தார். பூசை முடிந்து, சாயத்தண்ணீர் எட்டாத மேட்டில் முதல் மண்வெட்டி விழுந்தது. முத்துவீராயி ராஜாவைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ சாமி, கன்னம் இப்படி வீங்கிக் கெடக்கே! எந்தப் பல்லு?"

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார்.

"நாளை முதல் தெருத் தெருவாகச் சொல்லடா. பொங்கல் ஆறினால் ஆறட்டும்."

"ஆற வேண்டாம் மன்னா. தாங்கள் சாப்பிடும்போதே சொல்கிறேன். அப்போதுதான் குறுக்கே பேச மாட்டீர்கள்" என்றான் குப்பாண்டி. ராஜா மறுபடி சிரித்து, மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கிணற்றில் தண்ணீர் ஊறியது. நிறமே இல்லாத தண்ணீர். முத்துவீராயி தன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுத்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் காய்ச்சி, உப்புப் போட்டு, சூடு ஆறாமல் துணி சுற்றி ராஜாவுக்கு அனுப்பினாள். இடது பக்கமாக வைத்துக் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினாள்.