கரிச்சான்களும் வராத கூவலும்

ஓடை வளைந்து போகும் ஒரு மலைச்சரிவுக் காட்டில் மூன்று கரிச்சான்கள் இருந்தன. மூத்தவன் காரி. அவன் மனைவி மினுக்கி. தம்பி சுருளன். வால் நுனியில் துடுப்பு மாதிரி இரண்டு இறகுகள் தொங்கும் ஜாதி.

காட்டுக்கு ஆபத்து வந்தால் கூவிச் சொல்வது அவர்கள் வேலை. பருந்து வந்தால் ஒரு கூவல். எல்லாரும் புதருக்குள் போவார்கள். மலைப்பாம்பு வந்தால் வேறொன்று; பள்ளத்தை விட்டு மேலே ஏறுவார்கள். சிறுத்தைக்குத் தனிக் கூவல். இருந்த இடத்தில் அசையாமல் படுத்துவிடுவார்கள். இதற்குக் கூலி ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் சருகைக் கிளறும்போது பறக்கிற பூச்சிகளை மூன்று பேரும் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்தக் கோடையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செந்நாய்க் கூட்டம் வந்தது. இதுவரை இந்தக் காடு பார்க்காத மிருகம். வந்த வேகத்தில் துவரையின் தங்கையைக் கொண்டுபோனது.

துவரை ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். கொம்பு கிடையாது, சண்டை போடத் தெரியாது. அவளுக்குப் பயறு என்று ஒரே ஒரு குட்டி. தங்கை போன நாளிலிருந்து துவரைக்குத் தூக்கம் இல்லை. சிறுத்தை என்றால் சருகில் அசையாமல் படுத்துத் தப்பலாம். செந்நாய் மோப்பம் பிடித்து வருகிறது. படுத்தால் சாவு.

"செந்நாய்க்கு ஒரு கூவல் வேணும்ணே," என்று அவள் காரியிடம் கேட்டாள்.

"செய்றோம் தங்கச்சி. முதல் மழைக்குள்ள வந்துடும்," என்றான் காரி.

முதல் மழை வந்தது. ஓடை நிரம்பியது. கூவல் வரவில்லை.

துவரை பயறைக் கூட்டிக்கொண்டு கரிச்சான்கள் இருந்த மருத மரத்தடிக்குப் போனாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"வேலை நடந்துகிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்."

அடுத்த முறை போனபோதும் அதே பதில். அதற்கடுத்த முறையும் அதேதான். மழை விட்டு மூடுபனி இறங்கிய பிறகும் கரிச்சான்களின் பேச்சு மாறவில்லை. துவரையின் பேச்சு மாறியது.

"மூணு பறவை, ஒரு கூவல். இதுக்கு ஒரு மழைக்காலம் பத்தலையா? வாயைத் திறந்து கத்துற வேலைதானே! என்னமோ மலையைக் குடையிற மாதிரி பேசுறீங்க."

பக்கத்துக் கிளையில் கருங்குரங்கு சடையன் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த மாதிரி நேரம் என்றால் பசி தெரியாது.

"அவங்களுக்கு எங்கம்மா நேரம்? சின்னவர் வாலைப் பாரு. ஒரு பக்கத் துடுப்பைக் காணோம். புது அலங்காரம் போல. ஒற்றைவாலன் வராரு, வழி விடுங்க!"

காட்டுக்கோழி கெக்கலித்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துச் சிரித்தது. சுருளன் தள்ளிப்போய் உட்கார்ந்தான்.

"வா பயறு, இவங்களை நம்பி நின்னா நம்ம எலும்புதான் மிஞ்சும்," என்பாள் துவரை. பிறகு தொண்டைக்குள்ளிருந்து மெல்ல "த்ஸு... த்ஸு..." என்று குட்டியை அழைப்பாள். தாய் கூப்பிட்டால் பயறு எங்கே இருந்தாலும் திரும்பி ஓடி வரும். திட்டுவதும், த்ஸு த்ஸு என்று அழைத்துக்கொண்டு போவதும் தினசரி வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் காலையில் சடையன் மூச்சிரைக்க வந்தான்.

"கேட்டீங்களா சங்கதியை? கூவல் தயாரா இருக்கு. பனிக்குள்ள உட்கார்ந்து மூணு பேரும் சொல்லிப் பார்த்துகிட்டு இருந்தாங்க. என் காதால கேட்டேன். 'வீ-வீ-க்ரீச்', இதான் கூவல்."

"அப்புறம் ஏன் நமக்குச் சொல்லலை?" என்றது முள்ளம்பன்றி.

"கெஞ்ச வச்சுப் பார்க்கிற சுகம்தான். எனக்குத் தொண்டை இல்லையா? உச்சி மரத்துல நான் உட்கார்றேன். நாய் எந்தப் பக்கம் தெரியுதோ அந்தப் பக்கம் பார்த்துக் கூவுறேன். நீங்க எதிர்ப் பக்கம் ஓடுங்க. முடிஞ்சது வேலை."

துவரைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "நீங்களாவது இருக்கீங்களே மாமா," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, நண்பகலில், மலை முகட்டில் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று அழைக்கும் சத்தம். சடையன் முகட்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கூவினான்.

"வீ-வீ-க்ரீச்!"

காடே கீழ்நோக்கி ஓடியது. சரிவில் இறங்கும் ஒற்றைத்தடம் ஓடைத் துறையில் போய் முடியும். முன்னால் காட்டுக்கோழி, பின்னால் முள்ளம்பன்றி, அதற்கும் பின்னால் பயறும் துவரையும்.

தலைக்கு மேல் காரி பறந்து வந்தான். "கீழே போகாதீங்க! துறைப் பக்கம் போகாதீங்க!"

துவரை காதில் வாங்கவில்லை. இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் இன்றைக்கு மட்டும் வந்து கத்துகிறான். கூவலைச் சடையன் சொல்லிவிட்டான் என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்தாள். கால் நிற்கவில்லை.

அப்போது இடது பக்கத்து நாணல் காட்டுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

"த்ஸு... த்ஸு..."

முன்னால் ஓடிக்கொண்டிருந்த பயறு சட்டென்று நின்றது. அம்மா அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நினைத்து, தடத்தை விட்டு நாணலுக்குள் பாய்ந்தது.

"பயறு! அங்க இல்லடி, நான் இங்க இருக்கேன்!"

குட்டி திரும்பவில்லை. துவரையும் பின்னாலேயே நாணலுக்குள் பாய்ந்தாள். நாணல் ஒரு மடுவில் போய் முடிந்தது. கரையோர மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கின. வேர் ஒன்றின் மேல் உட்கார்ந்து துவரையின் குரலில் அழைத்துக்கொண்டிருந்தவள் மினுக்கி.

"தண்ணிக்குள்ள இறங்கு," என்றாள் மினுக்கி. "மூக்கு மட்டும் வெளியே இருக்கட்டும். பேசாதே."

துவரை இறங்கினாள். அதே நேரம் துறைப் பக்கத்தில் காட்டுக்கோழி அலறியது. அங்கே புல்லுக்குள் சத்தமில்லாமல் படுத்திருந்த நாய்கள் எழுந்துவிட்டன. முகட்டில் சீழ்க்கை அடித்தவை விரட்ட வந்தவை மட்டும்தான். கடிக்கிற வாய்கள் கீழே காத்திருந்தன.

ஒரு செந்நாய் நாணலை விலக்கிக்கொண்டு மடுவின் கரைக்கு வந்தது. தண்ணீரை மோந்தது. துவரையின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் தண்ணீரில் அலை எழும்பிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. பயறு அவள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. நாய் தும்மிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

அன்றைக்கு உயிர்ச்சேதம் இல்லை. காட்டுக்கோழி வால் இறகுகளை நாயின் வாயில் விட்டுவிட்டு மரத்தில் ஏறியது. முள்ளம்பன்றி ஒரு பாறை இடுக்கில் பின்புறமாகப் புகுந்து முள்ளை நீட்டிக்கொண்டு தப்பியது. சடையன் உச்சி மரத்தை விட்டு மறுநாள்வரை இறங்கவில்லை.

ஈரம் சொட்டச் சொட்டத் துவரை மருத மரத்தடிக்கு வந்தாள்.

"என் குரல் உனக்கு எப்படி வந்துச்சு, மினுக்கி?"

"தினமும் வந்து திட்டினியே. போகும்போது குட்டியைக் கூப்பிட்டுட்டுத்தானே போவே? கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு," என்றாள் மினுக்கி. "திட்டு முழுசும்கூடத் தெரியும். சொல்லிக் காட்டவா?"

"வேணாம்," என்றாள் துவரை.

காரி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். "நாய் வருதுன்னு கூவுறது ஒரு வேலையே இல்லை தங்கச்சி. அதைச் சடையன்கூடச் செஞ்சுட்டான். அவன் ஒட்டுக்கேட்டது பாதிக் கூவல்தான். சத்தம் போடாம படுத்திருக்கிற நாய்ங்க எங்கேன்னு சொல்லணும். ஒவ்வொரு வேட்டைக்கும் அதுங்க இடம் மாத்துது. அதைப் பின்னாலேயே போய்ப் பார்க்கணும். நாங்க மூணே பேர். வானம் தெளிஞ்சிருந்தா பருந்து வரும். அதுக்குக் காவல் இருக்கணும். பனி மூடினாத்தான் நாய்ங்களைத் தேட நேரம். பனியில உயரத்திலிருந்து ஒண்ணும் தெரியாது. தாழப் பறக்கணும்."

துவரை சுருளனின் வாலைப் பார்த்தாள்.

"அப்போ அந்த இறகு?"

"கொஞ்சம் அதிகமாத் தாழ்ந்துட்டேன்க்கா," என்றான் சுருளன். "அலங்காரம் எல்லாம் இல்லை. நாய்க்குப் பல் நல்லா இருக்கு."

துவரை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அவளுக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. 'இன்னும் கொஞ்ச நாள்', 'இன்னும் கொஞ்ச நாள்'ன்னா நாங்க என்னன்னு நினைக்கிறது? நாங்க ஓடுறதும் சாகுறதும் உங்க வார்த்தையை வச்சுத்தானே."

காரி அலகால் சிறகைக் கோதினான்.

"முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தோம். முடியாத வேலையைப் பத்தி என்ன பேசுறதுன்னு ஒரு வீம்பு. அது எங்க தப்புதான். சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கு அந்தத் தடத்துல இறங்கியிருக்க மாட்டீங்க."

மறுநாளிலிருந்து காட்டில் சில காரியங்கள் மாறின. பருந்துக் காவலைச் சடையன் ஏற்றுக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே வந்து, "கண்ணு நல்லாத் தெரியும், வாய்தான் கொஞ்சம் முந்திடும்," என்றான். முள்ளம்பன்றி இரவில் இரை தேடப் போகும் வழியில் நாய்கள் படுத்து எழுந்த புல் எங்கே மடிந்து கிடக்கிறது என்று பார்த்து வந்தது. காட்டுக்கோழி ஈரமண்ணில் தடம் பார்த்தது. கரிச்சான்களுக்கு இப்போது தெளிந்த வானத்திலும் நாய்களைத் தேடிப் பறக்க நேரம் கிடைத்தது.

காரி காலையில் மருத மரத்தில் உட்கார்ந்து சொல்வான். "இன்னைக்கும் கூவல் தயாரில்லை. மேற்குச் சரிவுல அதுங்க எங்க படுக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு. ஓடைப் பக்கம் இன்னும் தெரியலை." கேட்டவர்கள் முனகிவிட்டுப் போவார்கள். ஆனால் முன்பு போல யாரும் திட்டவில்லை. தயாரில்லை என்ற அதே செய்திதான். காரணத்தோடு கேட்கும்போது வயிறு எரியவில்லை.

பனிக்காலம் முடியும் முன் கூவல் வந்தது. இரண்டு துண்டாக வந்தது. முதல் துண்டு, சீழ்க்கை அடிப்பவை இருக்கும் பக்கம். இரண்டாவது, சத்தமில்லாதவை இருக்கும் பக்கம். இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டு மூன்றாவது பக்கம் போக வேண்டியது.

செந்நாய்கள் மறுபடி வந்த அன்று துவரை ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தாள். முகட்டில் சீழ்க்கை. உடனே சுருளனின் குரலில் முதல் துண்டு. அவள் கால் துடித்தது, ஆனாலும் நின்றாள். இரண்டாவது துண்டு வந்தது: துறை. அவள் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. "த்ஸு... த்ஸு..." என்றாள். பயறு அவள் பின்னால் மடுவுக்குள் இறங்கியது. அன்றும், அதற்கடுத்த இரண்டு வேட்டைகளிலும், புல்லில் படுத்திருந்த நாய்களுக்குக் கொசுக்கடிதான் கிடைத்தது. பசித்த கூட்டம் மலை தாண்டித் திரும்பிப் போனது.

கூட்டம் போன அன்று மாலை துவரை பயறோடு மருத மரத்தடிக்கு வந்தாள்.

"என்ன தங்கச்சி, திட்ட வந்தியா?" என்றான் காரி.

"பழக்கத்துல கால் இங்கேயே வந்துடுச்சுண்ணே." துவரை முன்னங்காலால் தரையைத் தட்டினாள். "என் குட்டி இன்னைக்கு என்கூட நிக்குதுன்னா அது உங்க மூணு பேராலதான். இதைச் சொல்லத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்லை."

பிறகு அவள் மரத்தடிச் சருகை நன்றாகக் கிளறிவிட்டாள். பயறும் தன் சின்னக் குளம்பால் கிளறியது. சருகுக்குள் ஒளிந்திருந்த பூச்சிகள் கூட்டமாக எழும்பின. முதலில் பாய்ந்து பிடித்தவன் சுருளன். அவன் வாலில் புது இறகு ஒன்று விரலளவு முளைத்திருந்தது.

வேலை தாமதமானால் செய்பவர் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். காத்திருப்பவர் திட்டுவதை விட்டுக் கைகொடுத்தால், வந்து சேரும் வேலை எல்லார் உயிரையும் காக்கும்.