மூவரியின் பதினேழு பட்டைகள்

ஏரிக்கரை ஆலமரத்தில் மஞ்சளப்பன் என்ற தூக்கணாங்குருவி இருந்தது. கேட்ட பறவைக்கெல்லாம் கேட்டபடி கூடு கட்டிக் கொடுப்பது அதன் தொழில். எந்தக் கிளையில் தொங்க வேண்டும், புல்லா பனைநாரா, உள்ளே களிமண் பூச வேண்டுமா, வாசல் நீளமா குட்டையா, எல்லாம் அவரவர் விருப்பம். கரையில் இருந்த பறவைகள் எல்லாம் அதை மேஸ்திரி என்றே கூப்பிட்டன.

வருகிறவர்கள் சொல்வதை மரப்பட்டையில் கீறி வைப்பது மூவரி என்ற அணிலின் வேலை. அணில் குலத்தில் எழுதக் கற்றது மூவரிதான் முதலில். அதனாலேயே அதற்கு எப்போதும் ஒரு பயம். தப்பாக எழுதிவிட்டால்? எழுதியதை நம்பி ஒரு முட்டை கீழே விழுந்துவிட்டால்?

ஒரு நாள் மைனா வந்தது.

"மேஸ்திரி! கருவேலங்கிளை நுனியில, தண்ணிக்கு மேல தொங்கணும். உள்ள மண்ணு கனமா அப்பணும்!"

"ஆகட்டும்!" என்றது மஞ்சளப்பன். அது யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் கிளை முறிந்தது. கூடு 'தொபுக்'கென்று ஏரியில் விழுந்து மிதந்தது. நல்லவேளை, மைனா இரை தேடப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தது.

"ஓய் மேஸ்திரி! நான் கூடு கேட்டேனா, தோணி கேட்டேனா?"

"காத்து அடிச்சா நான் என்ன பண்ண?" என்றது மஞ்சளப்பன்.

மூவரி மைனாவின் பட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தது. அந்தப் பட்டையைக் கீறியது தானே! மைனா போனதும் மெதுவாகக் கேட்டது.

"மேஸ்திரி, கருவேலங்கிளை மண்ணைத் தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் புள்ள. ஆனா வர்றவங்க ஆசையாக் கேக்கிறப்ப அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா? பின்னுற மூக்குக்குத் தெரியும். பேசுற வாய்க்குத் தெரியாது!"

மறுநாளிலிருந்து மூவரி மேஸ்திரியின் பின்னாலேயே ஓடியது. பாதி கட்டிய கூடு ஒன்றை மஞ்சளப்பன் பிய்த்துப் போட்டது.

"ஏன் பிச்சீங்க?"

"பனைநார் ஈரத்துல நீளும். வாசலும் நீளமா இருந்தா தொங்கிப் போயிடும்."

மூவரி உடனே கீறியது: 'பனைநாரும் நீள வாசலும் சேராது.'

இன்னொரு நாள் கீறியது: 'பறவை பெரிது என்றால் வாசல் அகலம் வேண்டும்.' இப்படி எழுதிய விதிகள் எல்லாமே இரண்டு வகைதான். ஒன்று, இது இருந்தால் அது வேண்டும். மற்றொன்று, இதுவும் அதுவும் சேராது. மேஸ்திரி வாய் திறக்காத நாளில், அது செய்வதைப் பார்த்து மூவரி தானாகவே எழுதிக்கொண்டது. மொத்தம் பதினேழு பட்டைகள் சேர்ந்தன.

"பட்டைக்காரி வந்துட்டா! மூச்சு விட்டாக்கூட எழுதிடுவா!" என்று மஞ்சளப்பன் கேலி செய்தது.

மைனா புதுக் கூட்டுக்காக மறுபடி வந்தது. முன்பு கேட்டதையே கேட்டது. மூவரி ஒரு பட்டையை எடுத்து அதன் முன் வைத்தது.

"கருவேலங்கிளையும் மண்ணும் சேராது மாமா. கிளை வேணும்னா மண்ணை விடணும். மண் வேணும்னா கிளையை விடணும். எதை விடுறீங்க?"

மைனா தலையைச் சாய்த்து யோசித்தது. "கிளையை விட்டுடறேன். ஆலமரத்துலேயே கட்டு."

அந்தக் கூடு அசையாமல் நின்றது. "முடியாதுன்னு சொன்னாலும் ஏன்னு சொல்லுது இந்தப் புள்ள!" என்று மைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பறந்தது. அதன் பிறகு கட்டிய கூடு ஒன்றும் விழவில்லை. மூவரி கொஞ்சம் நிம்மதியாகக் கொய்யா தின்றது.

அடைமழை தொடங்க நான்கு நாள் இருக்கும்போது தினைச்சி என்ற சில்லைக்குருவி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தது. வயிறு கனத்திருந்தது.

"அக்கா, நாலு நாள்ல முட்டையிட்டுடுவேன். போன தடவை சாரைப்பாம்பு ஏறி அஞ்சையும் முழுங்கிடுச்சு. இந்தத் தடவை தண்ணிக்கு மேலதான் கூடு வேணும். வேற எங்கேயும் வேண்டாம்!"

மூவரி பட்டைகளைப் பரப்பியது.

'தண்ணீருக்கு மேல் என்றால் கருவேலங்கிளை.' ஒன்றை எடுத்து வைத்தது.

'கருவேலங்கிளையும் மண்ணும் சேராது.' பக்கத்தில் வைத்தது.

'அடைமழைக்கு முன் என்றால் மண் வேண்டும்.' அதையும் வைத்தது. வைத்த கை அப்படியே நின்றது.

"தங்கச்சி... மண் பூசினா கிளை முறியும். பூசாட்டி காத்து கூட்டையே தலைகீழாக் கவுத்துடும். தண்ணிக்கு மேல கூடு கட்ட வழியே இல்ல."

"அப்போ என் முட்டையை எங்கக்கா வைப்பேன்?" தினைச்சி அழுதது.

மஞ்சளப்பன் பறந்து வந்தது. "ஏன் புள்ள அழ விடுற? ஆகட்டும்னு சொல்லு! கட்டிடலாம்!"

"கட்டுவீங்க மேஸ்திரி. நிக்குமா?"

மஞ்சளப்பன் வாலை ஆட்டியது.

மூவரி யோசித்தது. சரி என்று சொன்னால் தினைச்சி சிரித்துக்கொண்டே போகும். முட்டை ஏரிக்குப் போகும். முடியாது என்று சொன்னால் முட்டை பாம்புக்குப் போகும். அது மூன்று பட்டைகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது.

"மேஸ்திரி, அடைமழைக்கு ஏன் மண் வேணும்?"

"பாரம் இல்லாட்டி கூடு சுத்தும். முட்டை வெளிய கொட்டிடும்."

"கருவேலங்கிளையில ஏன் மண் ஆகாது?"

"மைனா கூட்டைத்தான் பாத்தியே!"

"தண்ணிக்கு மேலன்னா ஏன் கருவேலங்கிளை?"

மஞ்சளப்பன் அலகால் இறகைக் கோதியது. "அது... நான் எப்பவும் அங்கதான் கட்டுவேன்."

"ஏன்?"

"எப்பவும்தான் புள்ள!"

மூவரி அந்தப் பட்டையைத் திருப்பிப் பார்த்தது. அதற்கு முகம் சுருங்கியது. "இதை நீங்க சொல்லல மேஸ்திரி. ஒன்பது கூடு அங்க தொங்குறதைப் பாத்து நானா எழுதினேன். நீங்க செய்யுறதை, செஞ்சே ஆகணும்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது." உடனே அந்தப் பட்டையைப் பல்லால் சுரண்டி அழித்தது.

"இப்ப சொல்லுங்க. பாரம் தாங்கற மாதிரி, தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு வேற எதுவுமே இல்லையா?"

"மதகு ஓரமா ஒரு ஈச்சமரம் சாஞ்சிருக்கு. மட்டை நல்ல தடிமன்." மஞ்சளப்பன் தயங்கியது. "ஆனா அங்க அந்தச் சண்டைக்காரக் கரிச்சான்குருவி இருக்கான்."

"இருந்தா?"

"சின்ன வயசுல ஒரு தடவை என் வாலைப் பிடுங்கிட்டான்."

அழுதுகொண்டிருந்த தினைச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றும் மதகுக்குப் போயின. ஈச்சமரத்தின் உடம்பெல்லாம் முள். பாம்பு வயிற்றைத் தேய்த்து ஏற முடியாது. மட்டைகள் ஏரிக்கு மேல் நீண்டிருந்தன. உச்சியிலிருந்து கரிச்சான் பாய்ந்து வந்தது.

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

மஞ்சளப்பன் சட்டென்று மூவரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. மூவரிக்கும் பயம்தான். ஆனாலும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னது.

"பாம்புக்குப் பயந்தா வந்தீங்க?" கரிச்சான் சிறகைச் சிலுப்பியது. "அந்தச் சாரை இந்தப் பக்கம் தலை காட்டட்டும், கொத்தியே விரட்டுறேன்! கட்டிக்கோங்க. காலங்காத்தால மட்டும் சத்தம் போடக் கூடாது!"

மஞ்சளப்பன் மூன்று நாள் ஓயாமல் பின்னியது. தினைச்சி புல் சுமந்தது. மூவரி ஒவ்வொரு வேளையும் பட்டைகளோடு ஒத்துப் பார்த்தது. கடைசியில் உள்ளே மண் அப்பியபோது மட்டை கொஞ்சம் தாழ்ந்தது. மூவரி கண்ணை மூடிக்கொண்டது. முறியும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கூடு அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மழை பிடித்தது. எட்டு நாள் அடித்து ஓய்ந்தது. ஒன்பதாம் நாள் தினைச்சி வாசலில் தலையை நீட்டி, "அஞ்சு முட்டையும் பத்திரம் அக்கா!" என்று கத்தியது. காலங்காத்தால என்ன சத்தம் என்று உச்சியிலிருந்து கரிச்சான் அதட்டியது.

மஞ்சளப்பன் ஒரு புதுப் பட்டையைத் தானே உரித்துக்கொண்டு வந்தது. "எழுதிக்கோ புள்ள. தண்ணிக்கு மேலயும் மண்ணும் வேணும்னா ஈச்சமட்டை."

"ஏன் மேஸ்திரி?" என்றது மூவரி.

"மட்டை பாரம் தாங்கும். முள்ளில பாம்பு ஏறாது. போதுமா?"

"போதும்!" மூவரி விதியைக் கீறி, அதன் கீழே காரணத்தையும் கீறியது. பிறகு பழைய பட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, காரணம் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கியது.

வெறும் பழக்கத்தை விதி என்று நம்பினால் இருக்கிற வழியும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எந்த விதியையும் அதன் காரணத்தைக் கேட்டறிந்த பிறகே கைக்கொள்ள வேண்டும்.