கொற்றியின் வசவும் விழுந்த பறவைகளும்

கிட்டே வந்து உட்காருங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டு முடித்துவிடுங்கள். நடுவில் விட்டால் நான் கதையை நிறுத்திவிடுவேன்.

நம் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் முன்னே, வாகையூரை மின்னவேள் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் அவனுக்கு எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். செருப்பும் மின்ன வேண்டும், சோற்றுக் கரண்டியும் மின்ன வேண்டும். வருஷா வருஷம் அவன் பிறந்தநாளுக்குப் பவனி வரும். வீட்டுக்கு ஒரு படி மஞ்சள் அட்சதையை அரண்மனை கொடுக்கும். ஊரே தெருவில் நின்று அதை ராஜா தலையில் தூவும். கீழே சிந்தியதைப் பறவைகள் பொறுக்கித் தின்னும். அது பழைய வழக்கம்.

ஒரு வருஷம் பவனி முடிந்த மறுநாள். விடிந்ததும் ஜனங்கள் கதவைத் திறந்தால், கூரையில் செத்த பறவை, குளத்துப் படியில் செத்த பறவை, கோயில் மதிலடியில் செத்த பறவை. வாசலில் கோலம் போட இடமில்லை.

ராஜா சபையைக் கூட்டிக் காரணம் கேட்டான். சோதிடர், "சனியின் பார்வை" என்றார். வைத்தியர், "வடக்கேயிருந்து விஷக் காற்று" என்றார். சேனாதிபதி, "பக்கத்து நாட்டான் ஏவல் வைத்துவிட்டான்" என்றார். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முரசறைந்து சொன்னார்கள்.

ஊர் நம்ப வேண்டுமே. "முதல்ல சனின்னாங்க, அப்புறம் காத்துன்னாங்க, இப்ப ஏவலாம். அடுத்து என்ன வச்சிருக்காங்களோ" என்று குளக்கரையில் சிரித்தார்கள். நம்பாமல் இருந்தது சரிதான். அதோடு நின்றார்களா? அரண்மனை சொன்னதை நம்பாதவர்கள், அடுத்த வீட்டுக்காரி சொன்னதை அப்படியே விழுங்கினார்கள். அவள் சொன்னது இதுதான்: "எல்லாம் கொற்றியோட சாபம்."

கொற்றி யார்? ஊருக்கு வெளியே தினைக்கொல்லையைக் காவல் காக்கிறவள். பரண்மேல் நின்று கவண் வீசுவாள். கவண்கல்லைவிட அவள் வாய் அதிக தூரம் போகும். "உங்க குலம் நாசமாப் போக, உங்க கூடு பத்தி எரிய" என்று விடிந்ததிலிருந்து குருவிகளைத் திட்டித் தீர்ப்பாள். அது அவள் பிழைப்பு. பறவைகள் செத்ததும் ஊர் அதையே பிடித்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் அவளை எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும் என்று கூட்டமாக அரண்மனைக்குப் போனார்கள். தலைவலி தீர்ந்தால் போதும் என்று ராஜாவும் சரி என்றுவிட்டான்.

கொற்றியை இழுத்து வந்தார்கள். அவளுக்கு அது பிறந்து வளர்ந்த ஊர்; வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா?

"மகாராசா, முப்பது வருசமா இதே வசவுதான் வையுறேன். ஒரு சிட்டுக்குத் தும்மல்கூட வந்ததில்ல. என் சாபம் பலிக்கிறதா இருந்தா, இந்த ஊர்ல முதல்ல விழுந்திருக்க வேண்டியது என் நாத்தனார்தான்."

சபையே சிரித்தது. நாத்தனாரும் கூட்டத்தில்தான் நின்றாள்; அவள் சிரிக்கவில்லை.

"செத்ததை யாராவது குனிஞ்சு பாத்தீங்களா? புறா கிடக்கு, சிட்டு கிடக்கு, மைனா கிடக்கு. பருந்து கிடக்கா? கொக்கு கிடக்கா? மீன்கொத்தி கிடக்கா? காத்துல விஷமுன்னா, மேலே பறக்குற பருந்து எப்படித் தப்பிச்சுது? சனி என்ன, கொக்கை விட்டுட்டுப் புறாவை மட்டுமா பாப்பாரு? செத்ததெல்லாம் தானியம் பொறுக்குற இனம்."

சொல்லிவிட்டு, கையில் இலையைச் சுற்றிக்கொண்டு, வாசலில் கிடந்த செத்த புறா ஒன்றை எடுத்து அதன் தீனிப்பையைக் கீறினாள். உள்ளே மஞ்சள் அரிசி. முந்தின நாள் அவர்களே தூவிய அட்சதை.

"மஞ்சள் தின்று எந்தப் பறவை செத்தது?" என்று வைத்தியர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொற்றி சமையல்கட்டிலிருந்து ஒரு துண்டு மஞ்சளும், மிச்சமிருந்த அட்சதையும், கொஞ்சம் சுண்ணாம்பும் கேட்டாள். மஞ்சளை இழைத்துச் சுண்ணாம்பைக் குழைத்தாள். ஆரத்தித் தண்ணீராகச் சிவந்தது. அட்சதையில் குழைத்தாள், சிவக்கவில்லை. இன்னொரு பிடி எடுத்துக் குழைத்தாள், அதுவும் சிவக்கவில்லை.

"இது மஞ்சளே இல்ல" என்று கூட்டத்திலிருந்த பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

அட்சதை கலந்து கொடுத்த அரண்மனைக் களஞ்சியக்காரர் ராஜாவின் காலில் விழுந்தார். "மழையில மஞ்சளெல்லாம் அழுகிப்போச்சு மகாராஜா. இந்த வருஷம் அட்சதை பொன்னாட்டம் மின்னணும்னு நீங்களும் சொன்னீங்க. அதான் சித்திரக்காரங்க சுவருக்குப் பூசுற அரிதாரம்ங்கிற மஞ்சக்கல்லுப் பொடியைக் கலந்தேன். விஷமுன்னு தெரியாது."

மந்திரிகள் ராஜாவின் காதில், "பழியை இவன் தலையிலேயே கட்டிவிடலாம்" என்று முணுமுணுத்தார்கள். மின்னவேளுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. அவன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான்.

"மின்ன வேண்டும் என்று கேட்டவன் நான். செய்தவன் மேலிருப்பதைவிட என்மேல் தப்பு அதிகம். கொற்றி ஊரைவிட்டுப் போக வேண்டாம்" என்றான்.

அன்றைக்கு அரண்மனை சொன்ன நாலாவது காரணம் அது. அதைத்தான் ஊர் நம்பியது.

"அது இருக்கட்டும் மகாராசா" என்றாள் கொற்றி. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் குறையவில்லை. "மிச்ச அரிசி தெருவுல கிடக்கு. மேய்ச்சலுக்குப் போன பறவையெல்லாம் திரும்பி வந்தா அதையும் கொத்தும். நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"

முதல் விளக்குமாற்றை ராஜா எடுத்தான். சோதிடர் ஒன்று எடுத்தார், நாத்தனார் ஒன்று எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கடைசி அரிசிமணி வரை கூட்டி அள்ளிக் குழியில் புதைத்தார்கள். கூட்டாமல் சும்மா நின்றவர்களுக்குக் கொற்றியிடம் நல்ல வசவு கிடைத்தது.

ஆகையால், கேட்டீர்களா: சொல்வது அரண்மனையானாலும் அடுத்த வீடானாலும், கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் நம்பி ஒருத்தர் தலையில் பழியைப் போடக் கூடாது.