முடி சூட்டும் உரிமை

"சாமி, முடியை மந்திரிச்சுத் தாங்க. நேரமாகுது."

வியாகுலம் கிரீடத்தையும் சிவப்புப் பட்டையும் செங்கோலையும் பங்குச் சாமியார் வீட்டு மேசைமேல் வைத்தார். கிறிஸ்து அரசர் திருநாளன்று கோயிலில் இருக்கும் அவர் சிலைக்கு, ராசா சுரூபத்துக்கு, முடி சூட்டுவது அவர் குடும்பத்து உரிமை. பாட்டனார் சூட்டினார், அப்பா சூட்டினார், இப்போது அவர்.

வெளியே இரண்டு தெரு ஆட்களும் கம்போடு நின்றார்கள். இந்த வருசம் தெற்குத் தெரு ராயப்பன்தான் சூட்டணும் என்று ஒரு கூட்டம். தொட்டால் கை இருக்காது என்று இன்னொரு கூட்டம். எல்லார் கழுத்திலும் செபமாலை தொங்கியது. பக்திக்கு ஒரு குறையும் இல்லை.

"நான் சூட்டினா வெட்டுக்குத்து. விட்டுக்கொடுத்தா எங்க தெருவுல நான் தலை நிமிர முடியாது. யாருக்கு உரிமைன்னு நீங்களே சொல்லுங்க, சாமி."

பங்குச் சாமியாருக்கு வியாகுலத்தின் மகன் வயசுதான். ஊருக்கு வந்து ஒரு மழைகூடப் பார்க்கவில்லை. இவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வியாகுலத்துக்கு எரிச்சல்.

"எனக்கு இந்தச் சடங்கே தெரியாது," என்றார் சாமியார். "முதல்ல செஞ்சு காட்டுங்க."

"சுரூபம் பீடத்துல இருக்கே."

"சுரூபத்துக்குப் பதிலா ஒரு ஆள் போதும்."

சாமியார் கதவைத் திறந்தார். "ராயப்பண்ணே, உள்ள வாங்க."

வியாகுலம் கிரீடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ராயப்பன் வந்து வாசலிலேயே நின்றார். "சமாதானப் பேச்சுன்னா நான் இப்பமே போயிருதேன்."

"பேச்சே வேண்டாம். உக்காருங்க. தலைத்துண்டை மட்டும் எடுத்திருங்க."

ராயப்பன் தயங்கி எடுத்தார். நெற்றிக்கு மேலே மயிர் முளைக்காத தழும்பு, இன்னும் சிவப்பாகவே இருந்தது. போன வருசத் திருநாள் தள்ளுமுள்ளில் பட்டது. யார் அடித்தது என்று போலீசுக்கு யாரும் சொல்லவில்லை. ராயப்பனும் சொல்லவில்லை.

"ம். முதல்ல என்ன?" என்றார் சாமியார்.

"சிவப்புப் பட்டு போர்த்தணும்."

"போர்த்துங்க."

வியாகுலம் போர்த்தினார்.

"பெறவு?"

"முடி."

கிரீடத்தின் விளிம்பு தழும்பில் உரசியது. ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பெறவு?"

"வலது கையில செங்கோல்."

வியாகுலம் அதை எடுத்து நீட்டினார். போன வருசம் அந்தத் தள்ளுமுள்ளில் அவர் கையில் இருந்தது இந்தச் செங்கோல்தான். ராயப்பன் அதை வாங்கி இறுக்கிப் பிடித்தார்.

வெளியே யாரோ கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினான். ஒரு கல் ஓட்டின் மேல் விழுந்து உருண்டது.

"பெறவு?"

"முழங்கால் போட்டு, 'ராசாவே வாழ்க'ன்னு சத்தமாச் சொல்லணும்."

"சொல்லுங்க."

இவன் காலடியிலா என்று மனசு கொதித்தது. ஆனாலும் போட்டார். சொன்னார். அறைக்குள் மட்டும்தான் கேட்டது.

"இதே சடங்கை இதே வரிசையில கிறிஸ்துவுக்கு முதன்முதலா செஞ்சது யாரு?" என்றார் சாமியார்.

பெரிய வெள்ளிதோறும் கோயிலில் கிறிஸ்து பட்ட பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறவர் வியாகுலம்தான். சிவப்புத் துணி. முடி. வலது கையில் கோல். முழங்கால். வாழ்க.

"அவரைச் சிலுவையில அறைஞ்ச சேவகர்கள்," என்றார்.

"அதுக்கு அப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க?"

வியாகுலத்தின் பார்வை செங்கோலுக்குப் போனது.

"அந்தக் கோலையே எடுத்து... தலையில அடிச்சாங்க."

ராயப்பன் கையில் செங்கோலோடு வியாகுலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாகுலத்துக்கு அழுகை வந்தது. பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

"சாமி, எந்திரிக்கட்டுமா?"

"என்னை ஏன் கேக்கீங்க?" என்றார் சாமியார். "ராசாவைக் கேளுங்க."