கல்லாலில் நின்ற சட்டை

மலைமேல் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓலைக்கூரை, ஓர் அடுக்களை, ஒரு சுனை, சுனைக்கு மேலே ஒரு குகை. அவ்வளவுதான். மேகம் இறங்குகிற நாளில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே இருந்தவர் மங்கையம்மா. சின்ன வயசிலேயே காவி கட்டியவர். அவரிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தவர் கோமதிநாயகம். குருவைவிடச் சிஷ்யருக்குத்தான் வயசு கூட. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். இன்றைக்குப் பேசுவார்கள், நாளைக்குப் பேசுவார்கள் என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், ஒருநாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மலையேறி வந்தவர்.

வந்து கொஞ்ச நாளில் கேட்டார்.

"அம்மா, யாரையும் எதிர்பார்க்காம இருக்கணும். வந்தாலும் சரி, வராட்டாலும் சரின்னு மனசு கல்லாகணும். அதுக்கு வழி சொல்லுங்க."

மங்கையம்மா குகையைக் காட்டினார்.

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பங்குனி பிறந்ததும் சிஷ்யர் குகைக்குள் போய் உட்காருவார். வாசலில் கல்லை அடுக்கி, மண் குழைத்து, குருவே தன் கையால் பூசி அடைப்பார். கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் விடுவார். உச்சிவேளைக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து அதன் வழியே நீட்டுவார். முகம் பார்ப்பதில்லை. பேச்சில்லை. தண்ணீருக்கு உள்ளேயே ஒரு கசிவு உண்டு.

கோமதிநாயகத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஒரே ஓர் இடைஞ்சல்தான்.

குகைக்கு எதிரே ஒரு கல்லாலமரம். சிவபெருமான் வாய் திறக்காமல் உபதேசம் செய்தது கல்லாலின் அடியில்தான் என்பார்கள். ஆனால் இந்தக் கல்லாலில் மௌனத்துக்கு வழியே இல்லை. மரம் முழுக்கப் பழம். விடிந்தால் ஒரு இருவாச்சி வந்துவிடும். பெரிய பறவை. மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வைத்தது போல மஞ்சளாக அலகு. பறந்தால் லாரி ஏற்றத்தில் வருகிற இரைச்சல். உட்கார்ந்தால் குரைப்பு. வரும், பழம் எடுக்கும், போகும், திரும்பவும் வரும்.

"இது இப்படிப் போக வர இருந்தா நான் எப்படி உட்காருறது?" என்று அடுக்களையில் வந்து புலம்பினார்.

அங்கே சமைக்கிற செண்பகம் வாயாடி.

"சாமியைப் பார்க்க வந்துட்டு நீங்க ஏன் அண்ணாச்சி அதைப் பார்க்கிறீங்க?"

"நான் பார்க்கலை. காதுல விழுது. உன்கிட்ட ஓட்டைச் சட்டி ஏதாவது இருக்கா?"

சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் வாயும் வரைந்தார். காவி கட்டிய பிறகு பெட்டியில் சும்மா கிடந்த சட்டையை எடுத்தார். நீலக் கட்டம் போட்டது. மூத்தவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதற்குள் சருகைத் திணித்து, நீள மூங்கிலில் மாட்டி, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து, கல்லாலில் சாத்திக் கட்டினார்.

செண்பகம் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஜாடை அப்படியே உங்களுதுதான் அண்ணாச்சி. சட்டி கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கு, அதான் வித்தியாசம்."

மறுநாள் இருட்டு பிரியுமுன் மங்கையம்மா வந்து வாசலை அடைத்தார். கடைசிக் கல்லுக்கு மண் பூசுகிற ஈரச் சத்தம் கேட்டது. பிறகு அவர் காலடி இறங்கிப் போனது.

விடிந்தது. இருவாச்சி வரவில்லை.

ஆகா, என்ன அமைதி. துவாரத்தின் வழியே ஒரு துண்டு வெயில் உள்ளே வந்து எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. பாறை மூச்சு விடுவது போல இருந்தது. கோமதிநாயகத்துக்குத் தன் உடம்பு எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஆச்சு, கல்லாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

வெயில் அவர் மடியில் வந்து விழுந்தது. உச்சிவேளை. பொட்டலம் வரவில்லை.

வெயில் மடியைவிட்டு நகர்ந்தது. ஒரு சருகு விழுந்தால்கூட அம்மாவின் காலடியோ என்று காது போனது. இல்லை. கண் செருகியது. மூத்தவன் வாசலைத் திறந்துகொண்டு வந்தான். கையில் வாழையிலைப் பொட்டலம். "அப்பா, எப்ப சாப்பிட்டீங்க?" என்றான். கை நீட்டினார். கையில் பாறைதான் பட்டது.

அப்போதுதான் தலைக்கு மேலே அது கேட்டது. டொக். கொஞ்சம் கழித்து, டொக். குகைப்பாறையின் உச்சியில் வேர்விட்டு நிற்கிற வெடிப்பலா மரத்துக்குள்ளிருந்து, யாரோ கதவைத் தட்டுவது போல.

பேசக்கூடாது என்பதை மறந்து துவாரத்தில் வாயை வைத்தார்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா." குரல் தூரத்திலிருந்து, கல்லாலுக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து வந்தது.

"சாப்பாடு?"

"செண்பகம் கட்டிக் கொடுத்தா. மடியிலதான் வச்சிருக்கேன்."

"கொண்டு வரலையே?"

"எப்படி வர? மரத்துல ஒரு ஆள் நிக்கிறாரு. கையைக் கையை ஆட்டுறாரு. பயமா இருக்கு."

"யாரும்மா?"

"தெரியலை. நீலக் கட்டம் போட்ட சட்டை."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அம்மா விளையாடுகிறார் என்று நினைத்தார். வாயெடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

டொக்.

"மேல யாரும்மா தட்டுறது?"

"அவதான். அவளும் காலையிலேர்ந்து சாப்பிடலை."

காய்ந்தும் காயாமலும் இருந்த மண்ணை அவர் இரண்டு கையாலும் பிய்த்தார். கல் உருண்டது. வெளியே வந்து அண்ணாந்தார். வெடிப்பலாவின் உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்திருந்தது. நடுவே கீறல் போல ஒரு துவாரம். அதில் மஞ்சள் அலகின் நுனி மட்டும் வந்தது. திறந்தது, மூடியது, உள்ளே போனது.

மங்கையம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"முட்டையிடப் பெட்டை உள்ள போய் உட்கார்ந்து தானே அடைச்சுக்குவா. பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துப் போட்டுருவா. குஞ்சு வேற பொரிச்சாச்சு. அவன் கொண்டாந்தாத்தான் உண்டு."

கோமதிநாயகம் ஓடினார். மூங்கிலை இழுத்துச் சாய்த்தார். சட்டி பாறையில் விழுந்து உடைந்தது. அதன் சிரிப்பில் ஒரு துண்டு அவர் காலடியில் கிடந்தது.

இருவரும் புதருக்குள் போய் உட்கார்ந்தார்கள். வெயில் மஞ்சளானது.

"வருமாம்மா?"

"தெரியலை ஐயா."

"வேற மரத்துக்குப் போயிருக்குமோ?"

மங்கையம்மா பள்ளத்தாக்கைக் காட்டினார். கோடு போட்டாற்போல ரப்பர். அதற்கு அப்பால் ஏலத்தோட்டம். அதற்கும் அப்பால், காடு இருந்த இடத்தில், சிவப்பு ஓடு வேய்ந்த புது விடுதிகள்.

"எந்த மரத்துக்கு?" என்றார்.

பொட்டலத்தை அம்மா நீட்டினார். கோமதிநாயகம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை. பொந்தில் அலகு வந்தது. போனது. கொஞ்ச நேரம் வரவேயில்லை. அவர் வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது. சிவசிவா என்றாரோ, வா வா என்றாரோ, அவருக்கே தெரியாது.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரம் காற்று மாறியது. காற்றில்லை, அந்த இரைச்சல். அவர் எழுந்துவிடப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார்த்தினார்.

இருவாச்சி கல்லாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. உட்காரவில்லை. இன்னொரு வட்டம். பிறகு நுனிக்கிளையில் இறங்கித் தலையைச் சாய்த்து, சட்டை நின்ற இடத்தையே வெகுநேரம் பார்த்தது. அப்புறம்தான் பழத்தில் வாய் வைத்தது.

வெடிப்பலாவில் போய் ஒட்டிக்கொண்டு தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து துவாரத்தில் நீட்டியது. உள்ளேயிருந்து மஞ்சள் நுனி வந்து வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டே இருந்தது. கோமதிநாயகத்துக்குக் கண் மறைத்தது. துடைக்கவில்லை.

முழுக்க மங்கிய பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். புளிச்சோறு. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"அம்மா," என்றார். "காலையில திரும்ப உள்ள போறேன். அடைச்சிருங்க. இனிமே அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவா இருக்காது."

மங்கையம்மா இலையை மடித்து வைத்தார்.

"காலையில நான் உள்ள போறேன் ஐயா. நீங்க அடைச்சு விடுங்க."

அவர் திகைத்துப்போனார். "நானா? எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாதேம்மா."

"சோத்தைச் செண்பகம் வடிப்பா," என்றார் மங்கையம்மா. "நீங்க வந்தாப் போதும்."