விழுந்தவர் பங்கு

மலையடிவாரக் காட்டில் அணில்கள் கூட்டமாக இலவங்காய் பறித்துக்கொண்டிருந்தன. காயைப் பிளந்து, பஞ்சைப் பொதியாகக் கட்டி, ஏரிக்கரைக்கு உருட்டிக்கொண்டு போவது அவற்றின் வேலை.

பஞ்சை வாங்குவது பட்டைத்தலை வாத்து. பனிமலைக்கு அப்பாலிருந்து வரும் பறவை அது. அந்த ஊர்க் கூடுகளில் மெத்தை போடப் பஞ்சு வேண்டும். கூலியாகப் பனிமலைக் கொட்டைகளைக் கொடுக்கும். அதன் ருசியைக் கண்ட பிறகு அணில்கள் நாவல் பழத்தைத் தேடுவதை விட்டுவிட்டன. விதை சேர்த்து வைப்பதையும் மறந்துவிட்டன.

இலவமரம் உயரமானது. உடம்பெல்லாம் முள். யாராவது விழுந்து அடிபட்டால், எழுந்து நடமாடும்வரை அவருக்கும் கொட்டை உண்டு. விழுந்தவர் பங்கு என்று அதற்குப் பெயர். வாத்து வந்த புதிதில் அதையும் கொடுத்துவந்தது.

கொறிச்சி என்ற அணிலின் புருஷன் வாலன் ஒருநாள் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டது. பொந்துக்குள் சின்னக் குட்டிகள். பங்கு வாங்கக் கொறிச்சி ஏரிக்கரைக்குப் போனது.

"இனிமேல் அந்தப் பங்கு கிடையாது," என்றது வாத்து. "மலைக்கு அந்தப்பக்கத்தில் எனக்குப் பஞ்சு தரும் அணில்கள் அப்படி எதுவும் கேட்பதில்லை."

"அவங்க விழுந்தா என்ன பண்ணுவாங்களாம்?"

"அவர்கள் விழுவதே இல்லை."

"அப்ப எங்க மரம்தான் வழுக்குதா!" என்றது கொறிச்சி. பின்னால் நின்ற அணில்கள் சிரித்தன. வாத்து சிரிக்கவில்லை.

அணில்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிங்க ராஜாவிடம் முறையிட்டன. சிங்கம் சங்கடத்தோடு பிடரியைச் சொறிந்துகொண்டது.

"அதை இங்க வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! கோவிச்சுக்கிட்டுப் பறந்துட்டா யாரு உங்களுக்குக் கொட்டை போடுறது? போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க!"

கொறிச்சி வேலைக்குப் போகவில்லை. மலையேறி அந்தப்பக்கம் போனது. அங்கே துடுக்கி என்ற அணில்தான் எல்லோருக்கும் முன்னே நின்று பேசுவது.

"நீங்க விழறதே இல்லையாமே, அக்கா?"

துடுக்கி ஒரு புதரை விலக்கிக் காட்டியது. கால் ஒடிந்தவையும் முதுகு முறிந்தவையும் உள்ளே கிடந்தன.

"நீங்கதான் பங்கு கேக்குறதில்லைன்னு அந்த வாத்து எங்ககிட்ட சொல்லுச்சு!" என்றது துடுக்கி.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு வயிறு வலிக்கச் சிரித்தன.

"பங்கு இல்லைன்னா பஞ்சும் இல்ல. ரெண்டு பக்கமும்! சம்மதமாக்கா?"

"சத்தியமா! வெயில் காலம் வர்றதுக்குள்ள அது ஊரு போய்ச் சேரணும் தங்கச்சி. வெறும் அலகோடவா போகும்? தானா வழிக்கு வரும் பாரு!"

இரண்டு பக்கமும் வேலை நின்றது. வாத்து ஏரியில் மிதந்தது. பொந்துகளில் மிச்சமிருந்த கொட்டைகள் தீர்ந்தன. குட்டிகள் மரப்பட்டையைக் கடிக்கத் தொடங்கின.

"அந்தத் துடுக்கி இந்நேரம் பஞ்சு கட்டிக்கிட்டு இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டது வாலன்.

"சேச்சே! அது அப்படிப்பட்டதில்ல."

"நல்லதுதான். ஆனா அதுக்கும் பசிக்குமே புள்ள, உன்னை மாதிரி."

மறுநாள் விடியற்காலையில் கொறிச்சி ஒரு பொதியை உருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனது. நாணலை விலக்கியது. எதிரே துடுக்கி நின்றது. அதன் முன்னாலும் ஒரு பொதி இருந்தது.

"சத்தியம் பண்ணினியேக்கா!"

"நீ மட்டும் இங்க குளிக்கவா வந்த!"

வாத்து ஒரு கண்ணைத் திறந்தது. "எனக்கு ஒன்று போதுமே. யாருடையதை எடுக்கட்டும்?"

"எங்களுக்குப் பங்கு வேண்டாம்! கூலி மட்டும் போதும்!" என்றது கொறிச்சி.

"எங்களுக்குப் பாதிக் கூலி போதும்!" என்றது துடுக்கி.

"அதுலயும் பாதி!"

வாத்து பேரம் பேசவே இல்லை. கழுத்தை அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெயில் சுடத் தொடங்கியபோது இரண்டு பொதிகளையும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரே ஒரு கொட்டையைப் போட்டது.

கொறிச்சி கொண்டுவந்த கொட்டையைக் குட்டிகள் பிடுங்கித் தின்றன. வாலன் தனக்கென்று கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டது.

வாலன் செத்துப்போன அன்றும் கொறிச்சி காய் பறிக்கப் போனது. போகாவிட்டால் அந்தக் கிளைக்கு மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வேறோர் அணில் வந்துவிடும்.

தன்னைப் போலவே பசித்திருப்பவரை நம்ப முடியாதவர், வயிறு நிறைந்தவர் வாய் திறக்கும் முன்பே தம் விலையைத் தாமே குறைத்துக்கொள்வார்.